சதுப்புக் கரையில் ஒரு சன்னல்

நவம்பர் 4, செவ்வாய்

மாவுக்கட்டு இட்டுப் பன்னிரண்டாம் நாள். இன்னும் ஒரு மாதம் வலக்காலைத் தரையில் ஊன்றலாகாது என்பது மருத்துவர் ஆணை. ஊன்றினாலும் எங்கே போவது? மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம், ஐம்பத்து நான்கு படிகள். குளியலறையில் வழுக்கி விழுந்தவனை மாப்பிள்ளையும் எதிர்வீட்டுத் தச்சரும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவ்வாறே தூக்கி ஏற்றினார்கள். அன்றுமுதல் இவ்வறையே உலகம். நீளம் பதினோரடி, அகலம் ஒன்பது. சன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் முதுகும் அதில் மேலிருந்து கீழாக இறங்கும் ஒரு கழிவுநீர்க் குழாயும். ஐம்பதாண்டு நின்று பதிகம் ஓதியவன் இப்போது படுத்தபடி ஓதுகிறேன். ஒலி கூரையில் முட்டி என் முகத்திலேயே விழுகிறது.

மாலையில் மைனா ஒரு வரைபலகையைச் சுமந்துகொண்டு வந்தாள். என் தம்பி மகள்; மாப்பிள்ளை இவள் கணவர். இவ்வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு சொல்லும் பேசாதிருந்து, பேசத் தொடங்கியபின் நிறுத்தாதவள். அதனால் என் இல்லாள் இட்ட பெயர் அது. நாற்பத்தொரு வயதாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"பெரியப்பா, சும்மாத்தானே இருக்கீங்க?"

சும்மா இருத்தல் மிகக் கடினமான தவம் என்றேன்.

"அப்ப அந்தக் கஷ்டமெல்லாம் வேண்டாம். ஈஸியா ஒரு வேலை தரேன்."

அவள் மூன்றாண்டுகளாக வரையும் படக்கதைக்கு நான் எழுத்து எழுத வேண்டுமாம். கணினி எழுத்துருவைப் போட்டுப் பார்த்தார்களாம். பேய்கள் வங்கிப் படிவம் நிரப்புவதுபோல் பேசுகின்றன என்று பதிப்பகத்தம்மா தள்ளிவிட்டாராம். சமயத் திங்களிதழ் ஒன்றை முப்பத்தைந்தாண்டு நடத்தி அதன் தலைப்புகளையெல்லாம் கையாலேயே எழுதியவன் வீட்டில் இருக்கையில் வெளியே ஏன் தேடுவது என்றாள்.

பேய்க்கதைக்கா என் கை? ஒப்புக்கொண்டேன். சன்னலில் குழாயை எத்தனை நாள் பார்ப்பது?

நவம்பர் 6, வியாழன்

முதல் அத்தியாயம். இருபத்திரண்டு பக்கம், தடித்த தாள், கறுப்பு மை.

பெற்றோரை இழந்த ஒரு சிறுமி. சதுப்பு நிலத்துக்கு அப்பால் உனக்கு உறவினர் இருக்கிறார்கள் என்று சொல்லி ஊரார் அவளைப் படகேற்றி அனுப்பிவிடுகின்றனர். நடுவழியில் படகு சேற்றில் சிக்குகிறது. ஆள் அழைத்து வருவதாகப் படகோட்டி இறங்கி நடக்கிறான். அடுத்த கட்டத்தில் நாணல். அதற்கடுத்ததில் நீர்மேல் அவன் தொப்பி. அவ்வளவே, ஒரு சொல்லும் இல்லை. முதுகு சில்லிட்டது என்பதை இங்கே மறைப்பானேன்.

வேலை செய்யும் முறை இது. படத்தின்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளொன்றை விரித்து நான்கு மூலையிலும் ஒட்ட வேண்டும். அவள் எழுதித் தந்த பேச்சுக்கு எவ்வளவு இடம் வேண்டும், எங்கே வைத்தால் கண் இடமிருந்து வலமாக ஓடும் என்று பார்த்துச் சொற்குமிழை வரைந்து, உள்ளே எழுத வேண்டும். அவள் அதனைப் பலூன் என்கிறாள். நான் குமிழ் என்கிறேன். அச்சில் தாளும் படமும் ஒன்றாகும். குமிழின் அடியில் உள்ளது எதுவும் வாசகர்க்குத் தெரியாது. ஆகவே கட்டளைகள் உண்டு. கையை மூடாதே, மூடினாலும் மன்னிக்கலாம். முகத்தை மூடாதே, மன்னிப்பில்லை.

சேற்றுக்குப் பழம்பாடல்களில் வழங்கும் சொற்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: அள்ளல், அளறு, தொளி, உளை.

"எல்லாம் சேறுதானே?"

அல்ல, சிக்கியவனுக்கு ஒவ்வொன்றும் வேறு என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் அத்தியாயத்தில் மூழ்கியவர்கள் வருகின்றனர். தலையில் பாசி, கண்ணிருக்கும் இடத்தில் நத்தை. அவர்கள் யாரையும் பிடித்து இழுப்பதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கின்றனர்: "நீ யாரு புள்ள?" சிறுமி தந்தை பெயரைச் சொல்கிறாள், அவர் இல்லை, முழங்கால் வரை அமிழ்கிறாள். தாய் பெயரைச் சொல்கிறாள், தாயும் இல்லை, தொடை வரை. பதிலில் உயிரோடு ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது அச்சதுப்பின் நியதி.

இதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன்.

"விடுதியில புதுசா ஒரு டீச்சர் வந்தா முதல் கேள்வி அதானே, பெரியப்பா. நீ யாரு புள்ள."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 12, புதன்

ஒன்பது பக்கம். விரல்கள் மரத்தன. மூழ்கியவர்களின் குமிழுக்கு நடுங்கும் கோடு வரையக் கற்றேன். என் வயதில் அதற்குத் தனி முயற்சி வேண்டியதில்லை என்கிறார் மாப்பிள்ளை.

நவம்பர் 15, சனி

நான்காம் அத்தியாயம், பக்கம் எழுபத்தொன்று.

சிறுமி இடுப்பளவு சேற்றில் நிற்கிறாள். தொலைவில் கரை, கரையில் ஒரு வீடு, வீட்டின் ஒரே சன்னலில் விளக்கு. அங்கே ஒரு மனிதர் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இடத்தோள் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. கண்ணாடி மூக்கின் நுனியில். எழுதுகையில் நாக்கின் நுனி உதட்டோரம் தெரிகிறது. என் இல்லாள் ஆயுள் முழுவதும் கேலி செய்த பழக்கம்.

நான்.

சிறுமி கூப்பிடுகிறாள்: "யாராச்சும் இருக்கீங்களா?" மனிதர் எழுதுகிறார். அடுத்த கட்டத்தில் மீண்டும் கூப்பிடுகிறாள். எழுதுகிறார். மூன்றாவதில் அதே கூப்பாடு, ஆனால் சன்னல் மட்டும், மிக அருகில். காதில் விழுந்திருக்கிறது என்பது அந்த முகத்தில் தெரிகிறது. தலை நிமிரவில்லை.

அவளுக்குத் தெரியுமா?

எப்படித் தெரியும்? யார் சொல்லியிருப்பார்? சொல்லக்கூடியவள் என் இல்லாள் ஒருத்தியே, அவள் போய் எட்டாண்டாகிறது. தெரியுமா என்று நானே கேட்டால், கேட்ட கணமே தெரிந்துவிடும். கேளாதிருந்தால் இத்தாளை நாள்தோறும் மடியில் வைத்திருக்க வேண்டும். காலையும் ஊன்ற முடியாது. எழுந்து வேறு அறைக்குக்கூடப் போக முடியாது.

நவம்பர் 16, ஞாயிறு

எங்கும் சொல்லாததை இங்கேனும் எழுதிவிடுகிறேன்.

தம்பி என் சம்மதமின்றி மணந்தான், அதைக்கூடப் பொறுத்தேன். பத்தாண்டு உழைத்து நான் எழுதிய பதிக உரையை, செத்த சொற்களுக்குத் தலைசீவிப் பூச்சூடும் வேலை என்று ஒரு வார ஏட்டில் எழுதினான். படித்தவர்கள் சிரித்தார்கள். அதைப் பொறுக்கவில்லை. பேச்சு நின்றது. ஐந்தாண்டுக்குப்பின் ஒரு பேருந்து விபத்தில் அவனும் அவன் மனைவியும் ஒரே நாளில் போனார்கள். ஐந்து வயதுக் குழந்தை ஒரு விடுதிக்குப் போனாள். விடுதித் தலைவி எனக்கு எழுதினார்: தாங்கள் ஒருவரே உறவினர், வந்து அழைத்துச் செல்ல வேண்டுகிறோம்.

இந்த வீட்டுக்குத்தான் வந்தது. இந்த மேசையில்தான் பிரித்தேன். இறைவன் இரக்கமே வடிவானவன் என்னும் பொருளில் அம்மாத இதழுக்குத் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மீதியை எழுதி முடித்தேன்.

எட்டு மாதம் கழித்து இரண்டாம் கடிதம். ஏறத்தாழ இரண்டாண்டு நிறைகையில் மூன்றாவது. மூன்றாவது என் இல்லாளின் கையில் கிடைத்தது. முந்தைய இரண்டையும் என்னைக் கேட்டு வாங்கிப் படித்தாள். திட்டவில்லை. "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எனக்குப் பை எடுத்து வைத்தாள். போனேன். முகவரி மாறிப் போனதால் கடிதங்கள் கிடைக்கவில்லை என்று விடுதியில் சொன்னேன். குழந்தையிடமும் சொன்னேன். உறவு, நட்பு எல்லாரிடமும் சொன்னேன். இல்லாள் ஒருமுறையும் மறுக்கவில்லை. என் பொய்யில் அவளையும் சேர்த்துக் கட்டினேன்.

முப்பத்து நான்கு ஆண்டு. எத்தனை மேடையில் இரக்கம் பேசினேன், ஐயனே. ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாயே.

நவம்பர் 18, செவ்வாய்

செய்துவிட்டேன்.

சிறுமியின் பேச்சு இரண்டே சொல். அதற்குக் கட்டைவிரல் அளவு குமிழ் போதும். சன்னலை மறைக்க அது போதவில்லை. பெரிய குமிழை வரைந்து சன்னல்மீது வைத்தேன். வைத்தபின் உள்ளே இடம் மிகுந்து நின்றது. அதை நிரப்பச் சொல் வேண்டியதாயிற்று. "இவ்விருள் சூழ் அளற்றில் ஆதரவற்று அலறும் என் குரல் கேட்பார் ஒருவரேனும் இக்கரையில் இல்லையோ" என்று எழுதினேன். மூன்று கட்டத்துக்கும் அவ்வாறே, ஒன்றைவிட ஒன்று நீளமாக.

தாளைப் பொருத்திப் பார்த்தால் மனிதர் இல்லை. தூக்கினால் இருக்கிறார். மதியம் முழுவதும் தூக்கியும் வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 19, புதன்

பக்கங்களை வாங்கிப் போனாள். பிரித்துப் பார்க்கவில்லை.

நவம்பர் 22, சனி

பதிப்பகத்தம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கனத்த சரீரம், கனத்த குரல், ஒளிவுமறைவு அறியாதவர். மைனா பக்கங்களை என் கட்டிலிலேயே பரப்பினாள்.

"ஐயா எழுத்து முத்து முத்தா இருக்கு. பேயெல்லாம் இப்பத்தான் பேயாட்டம் பேசுது" என்றார். எழுபத்தொன்றை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டினார். "ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? சேத்துக்குள்ள நின்னுக்கிட்டு திடீர்னு மேடைப் பேச்சு பேசுது?"

மைனா வாங்கிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். "அளற்றிலா! பெரியப்பா, அந்தச் சீட்டை என்கிட்ட குடுத்துட்டு நீங்களே பயன்படுத்திக்கிட்டீங்க." பிறகு தாளைத் தூக்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. "முகத்தையா மூடினீங்க? மூணு கட்டத்துலயும்?"

பேச்சு நீண்டுவிட்டது, இடமில்லை என்றேன்.

"நான் எழுதிக் குடுத்தது ரெண்டு வார்த்தை."

பதிப்பகத்தம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். மாடிப்படிக்கு ஒரு சாபம் விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மைனா பக்கங்களை அடுக்கினாள். அடுக்கும்போது எழுபத்தொன்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

காலைப் பதிகம் ஓதவில்லை. வாய் வரவில்லை.

பத்து மணிக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் அமர்ந்தாள். அவள் கேட்குமுன் நான் கேட்டுவிட்டேன். "என்னை ஏன் அங்க வரைஞ்ச?"

"நாள் முழுக்க சன்னலோரமா உக்காந்து எழுதிக்கிட்டிருக்கீங்க. மாடல் வேணும்னா வேற எங்க போவேன்? கூலியும் கேக்க மாட்டீங்க."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன இருக்கு?"

இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் வரைந்தது ஒரு முகம், அவ்வளவே. அதை மூடியது நான்தான். மூடியிராவிட்டால் கேள்வியே எழுந்திராது. அந்த ஒரு கணத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபவர்கள் பார்க்கும் பார்வை அது. எந்தக் கோடும் தப்பாது.

சொன்னேன். தலையங்கத்திலிருந்து தொடங்கினேனா, தம்பியின் கட்டுரையிலிருந்தா, நினைவில்லை. செந்தமிழெல்லாம் எங்கோ போய்விட்டது. தப்புப் பண்ணிட்டேன்மா, தப்புப் பண்ணிட்டேன் என்றே திரும்பத் திரும்பச் சொன்னதாக நினைவு.

"எத்தனை லெட்டர்?"

"மூணு."

"மூணும் இந்த வீட்டுக்கா வந்துச்சு?"

"இங்கதான்."

"பெரியம்மாவுக்கு?"

"கடைசியிலதான் தெரியும். அவ சொல்லித்தான் வந்தேன். நானா வரல."

இதை ஏன் சொன்னேன்? கேட்கவில்லை அவள். ஆனாலும் பாதியைச் சொல்லிப் பாதியை வைத்துக்கொள்ள முடியவில்லை.

"நான் தினம் சாயங்காலம் விடுதி கேட் பக்கத்துல உக்காந்திருப்பேன். தெரியுமா?"

"தெரியும். அதுல எழுதியிருந்தாங்க."

அதன்பின் அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை. கடிதங்கள் இருக்கின்றனவா என்றாள். உரைநூலின் பின்னால் என்றேன். எடுத்தாள், பிரிக்கவில்லை. எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை என் மடியில் வைத்தாள்.

"அஞ்சாவது அத்தியாயம். நாளைக்குத் தரலாம்னு இருந்தேன். பாத்துக்குங்க."

நவம்பர் 24, திங்கள்

பார்த்தேன்.

சன்னலில் இருந்தவர் தலை நிமிர்கிறார். எழுதுகோலை வைக்கிறார். கதவைத் திறந்து, செருப்பும் அணியாமல் சதுப்பில் இறங்குகிறார். முழங்கால், இடுப்பு, மார்பு. கண்ணாடி நழுவி நீரில் விழுகிறது, குனிந்து எடுக்கவில்லை. மூழ்கியவர்கள் நாற்புறமும் எழுந்து அவரைச் சூழ்கின்றனர். "அது யாரு புள்ள?" என்கின்றனர். அடுத்த பக்கம் முழுவதும் ஒரே கட்டம். அவர் சிறுமியைத் தோள்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார். பேச்சு, ஓரத்தில் அவள் கைப்பட, பென்சிலில்:

"என் புள்ள."

மூழ்கியவர்கள் ஒவ்வொருவராக அமிழ்கின்றனர். நியதி அதுதானே. பதிலில் உயிரோடு ஓர் ஆள்.

மூன்றாண்டாக இதைத்தான் வரைந்திருக்கிறாள். இதை எனக்குத் தருவதற்குத்தான் என் கையால் எழுதச் சொல்லியிருக்கிறாள். நான் அந்த முகத்தை ஒரு குமிழால் மூடினேன்.

நவம்பர் 26, புதன்

வரைபலகை, மைப்புட்டிகள், விளக்கு எல்லாம் போயின. பதிப்பகத்தின் பின்னறையில் இருந்து வேலை செய்யப் போகிறாளாம்; இரண்டு தெரு தள்ளி. காலையில் போகிறாள், நான் உறங்கியபின் வருகிறாள். மாப்பிள்ளை சோறு கொண்டுவந்து வைக்கிறார்.

டிசம்பர் 5, வெள்ளி

மாவுக்கட்டை அறுத்தார்கள். கால் வெளிறி மெலிந்து வேறு யாருடையதோ போல் இருக்கிறது. இனி நடக்கலாம், படி ஏறலாம், இறங்கலாம், தடியை மட்டும் விடாதீர் என்றார் மருத்துவர். ஆறு வாரம் இந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேர்ந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மாப்பிள்ளை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பார்ப்பவர். எதையும் வேடிக்கையாகவே பேசுபவர். இன்று வேடிக்கை இல்லை. தட்டை வைத்துவிட்டு நின்றார்.

"மாமா, கால் சரியாயிடுச்சு இல்ல?"

ஆயிற்று என்றேன்.

"அப்புறம் ஏன் இன்னும் ரூமுக்குள்ளயே தட்டு வருது?"

அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்றதில்ல. அழுதாக்கூடத் தேவலை. வரையறா, கிழிக்கிறா, மறுபடி வரையறா. உங்க மேல கோபமான்னு கேட்டேன். கோபப்பட நேரமில்ல, அஞ்சாவது அத்தியாயம் பொய்யாயிடுச்சு, முதல்ல இருந்து வரையணும்னா." தட்டை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க எழுதின புஸ்தகம் பொய்யாப் போயிருந்தா எப்படி இருக்கும் உங்களுக்கு?"

தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

டிசம்பர் 20, சனி

கூடத்தில் அமர்ந்து உண்டேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

எதிர்பாராதது. மாப்பிள்ளை ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்தார். ஐந்தாம் அத்தியாயம், புதிது. நான் எழுத வேண்டிய வெறும் மேல்தாளும் உள்ளே இருந்தது. வேறொருவர் கையைத் தேடியிருப்பாள் என்றே எண்ணியிருந்தேன். உறைமேல் அவள் எழுத்து: "எழுத்து ஒரே மாதிரி இருக்கணும். பழைய எழுபத்தொண்ணையும் திருத்தி அனுப்பவும்." என்னை விளிக்கும் சொல் ஒன்றும் இல்லை. அலுவலகக் கடிதம்போல.

எழுபத்தொன்றை முதலில் எடுத்தேன். பழைய மேல்தாளை உரித்துப் புதிது ஒட்டினேன். கட்டைவிரல் அளவில் மூன்று குமிழ், முகத்தைத் தொடாமல் ஓரத்தில். சன்னல் திறந்து நிற்கிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினேன்.

பிறகு புதிய பக்கங்கள். சன்னல் மனிதர் எழுந்திருக்கவில்லை. பக்கம் பக்கமாக அப்படியே அமர்ந்திருக்கிறார். மூழ்கியவர்கள் சிறுமியைச் சூழ்ந்து கேட்கின்றனர், நீ யாரு புள்ள. நீர் அவள் மோவாயைத் தொடுகிறது. அவள் சொல்கிறாள்: "யாருதும் இல்ல. வழிய விடுங்க." அவ்வளவு பேரும் திகைத்து நிற்கின்றனர். அப்படி ஒரு பதிலை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. அவள் நாணலின் வேரைப் பற்றிப் பற்றி, நான்கு பக்கம் முழுக்கச் சொல்லே இல்லாமல், கரையை நோக்கி ஊர்கிறாள்.

பழைய ஐந்தாம் அத்தியாயத்தைவிட இது மேலானது. பதிகங்களுக்கு உரை எழுதியவன் என்னும் முறையில் சொல்கிறேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்பது வேறு.

ஜனவரி 3, சனி

கடைசிப் பக்கம் தனியே வந்தது.

சிறுமி கரையேறி, அந்த வீட்டின் சன்னலுக்கு நேர் கீழே நிற்கிறாள். உடலெங்கும் சேறு. மேலே மனிதர். இருவர்க்கும் ஒரு கட்டம், இடையில் நிறைய வெள்ளை. சிறுமியின் பேச்சைப் பென்சிலில் எழுதியிருக்கிறாள்:

"முகவரி தவறா என்று குழந்தை கேட்கிறாள்."

மூன்றாம் கடிதத்தின் கடைசி வரி. விடுதித் தலைவி எழுதியபடியே, ஓர் எழுத்தும் மாறாமல். சிறுமி தன்னைக் குழந்தை என்று சொல்லிக்கொள்வாளா என்று யாரும் கேட்கலாம். கேட்கட்டும்.

சன்னலருகே, மனிதரின் பேச்சுக்கு, அவளே ஒரு குமிழை வரைந்திருக்கிறாள். உள்ளே பென்சில் எழுத்து இல்லை. ஒன்றுமே இல்லை.

ஜனவரி 4, ஞாயிறு

காலைமுதல் எழுதிப் பார்க்கிறேன். தனித்தாளில் எழுதி எழுதி அடித்தேன். பிழை பொறுத்தருள்வாய் என்றொன்று. பாவி என்றொன்று. தம்பியின் பெயரை இழுத்து ஒன்று. செருக்கு, அறியாமை, ஊழ் என்று பழஞ்சொற்களின் பின்னே போய் ஒளிந்துகொண்டு ஐந்தாறு. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. குமிழுக்குள் அடங்கவும் அடங்கின. அவள் கேட்டதற்கு அவற்றில் ஒன்றும் பதில் இல்லை.

அவள் கேட்டது எளிய கேள்வி. அதற்கு ஆம், இல்லை இரண்டில் ஒன்றே விடை. முப்பத்து நான்கு ஆண்டாக நான் சொல்லிவந்தது எதுவோ அதன் மறுதலை.

ஜனவரி 5, திங்கள்

காலையில் நின்று ஓதினேன். பின்னர் குமிழில் இரண்டு சொல் எழுதினேன்.

"முகவரி சரி."

மை உலரக் காத்திருந்தேன். மாப்பிள்ளை உறையை வாங்கிக்கொள்ள வந்து நின்றார். நானே கொண்டுபோகிறேன் என்றேன். என் செருப்பை எடுத்து வைத்தார்.

ஐம்பத்து நான்கு படிகள். பக்கம் மடங்கிவிடக்கூடாது என்று அட்டையோடு மார்பில் அணைத்துக்கொண்டு, தடியை ஒரு படி கீழே வைத்து, பிறகு கால். இரண்டாம் மாடியில் அமர்ந்தேன். முதல் மாடியில் மறுபடி. தச்சர் தூக்கட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். தெருவில் வெயிலில் கண் கூசியது. இரண்டு தெருவுக்கு எனக்கு முக்கால் மணி ஆயிற்று.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. மைனா குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். பதிப்பகத்தம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து எதையோ தேடுவதுபோல் முன்பக்கம் போய்விட்டார்.

மைனா நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"யாரு தூக்கிக்கிட்டு வந்தா?"

"யாரும் இல்ல."

கையை நீட்டினாள். கொடுத்தேன். மேல்தாளைப் படத்தின்மீது பொருத்தி, ஓரங்களைச் சரிபார்த்து, விளக்கடியில் வைத்தாள். படிக்க எவ்வளவு நேரம் ஆகும் அந்த இரண்டு சொல்லை? அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். முதல்முறையாக அவள் கண்ணில் நீரைப் பார்த்தேன், துடைக்கவில்லை, தாளில் விழாதபடி முகத்தை மட்டும் சற்றுத் தள்ளிக்கொண்டாள்.

பக்கத்தை மற்றவற்றோடு அடுக்கினாள்.

"உக்காருங்க. கால் வீங்கிடும்."

பெரியப்பா என்று சேர்க்கவில்லை. காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு மீண்டும் குனிந்து வரையத் தொடங்கினாள். அமர்ந்தேன். அறையில் பேனாமுள் உரசும் ஒலி மட்டும் இருந்தது. மாலை விளக்கேற்றும் வரை அங்கேயே இருந்தேன். அவள் போகச் சொல்லவில்லை.